வகுப்பில் சத்தம் வருகிறது, உச்சரிப்பு வரவில்லையே!

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 38 பேர். நான் சொல்ல, அவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வதுதான் இதுவரை நடந்த உச்சரிப்புப் பயிற்சி. பயிற்சி வகுப்பில் 'பேர் ஒர்க் கொடுங்கள்' என்றார்கள். இணையத்தில் பார்த்து, ஷிப்–ஷீப் போன்ற சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்து ஜோடியாக விளையாட வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளை பேசுகிறது, பக்கத்தில் இருப்பது தலையாட்டுகிறது. ஒருவர் தப்பை இன்னொருவர் கற்றுக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. ஹெச்.எம். வந்து 'என்ன டீச்சர் சத்தம்?' என்று கேட்டுவிட்டுப் போனார். போன வாரம் ஒரு பையன், சாயங்காலம் ஸ்நாக்ஸ் சாப்பிடுவேன் என்பதை 'ஐ ஈட் ஸ்நேக்ஸ்' என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அவன் வாய் திறப்பதில்லை. என் உச்சரிப்பே சரிதானா என்ற சந்தேகமும் இருக்கிறது. ஜோடி விளையாட்டை விட்டுவிடலாமா?
ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் உங்கள் கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் உச்சரிப்பு போதும். லண்டன்காரர் மாதிரி பேசினால்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் தமிழ்நாட்டில் ஆங்கிலப் பீரியடையே எடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு யாரிடம் ஆங்கிலம் பேசப்போகிறார்கள்? ஓசூர் கம்பெனியில் ஒடிசாக்காரரிடம், பெங்களூரில் தெலுங்குக்காரரிடம், துபாய் போனால் பிலிப்பைன்ஸ்காரரிடம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் இப்படிப் பேசிக்கொள்ளும்போது எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்பதைக் கவனித்து, ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 2000-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் கொடுத்தார். உயிரொலி குறிலா நெடிலா என்பது, சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் சேர்ந்து வருவது, வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் விழுகிறது என்பது போன்றவை அதில் இருக்கின்றன. நாம் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டச் சொல்லிப் பீரியட் பீரியடாகப் பழக்குகிறோமே, 'திங்க்', 'தேங்க்ஸ்' ஒலி, அது அதில் இல்லை. நம் தகரமே போதும், எல்லாருக்கும் புரியும். அந்த நேரத்தை மிச்சம் பிடியுங்கள். ஒரு சொல்லுக்குள் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதையும் அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒருவர் தப்பை மற்றவர் கற்றுக்கொள்வார் என்ற பயம் பெரிய மனிதர்களுக்கும் இருந்த பயம்தான். மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில், இலக்கணத்தை நேராக நடத்தாமல் பிள்ளைகளுக்கு வேலைகளைக் கொடுத்தே ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் முயற்சி அது. ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாததால் பேச்சுக்கு வேலை வரும் வகையான வேலைகளையும் நம் பக்கத்து வகுப்பறைகளில் கொடுத்துப் பார்த்தவர். அவரே பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்துப் பேசவிடுவதை விரும்பவில்லை. ஒருவருடைய அரைகுறை ஆங்கிலம் மற்றவருடைய அரைகுறையை உறுதியாக்கிவிடும் என்று நினைத்தார். தாராளமாக எதையாவது பேசவிடும் வேலையில் அவர் சொன்னது சரிதான் என்பேன். உச்சரிப்பு விளையாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு வழி உண்டு. தப்பாகச் சொன்னால் விடையும் தப்பாக வரும்படி விளையாட்டை அமைக்க வேண்டும். டீச்சர் வந்து சொன்னால்தான் தப்பு தெரியும் என்றால், ஒரே நேரத்தில் 19 ஜோடிக்கும் நடுவில் நீங்கள் நிற்க முடியாது.

உங்கள் ஷிப்–ஷீப் ஏன் ஓடவில்லை என்பது இப்போது விளங்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே தாள். இரண்டு பேர் கண்ணுக்கும் இரண்டு சொல்லும் தெரிகிறது. ஒருவன் சொல்கிறான், மற்றவனுக்குக் காதே தேவையில்லை. தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. காதுக்கு வேலை இல்லாத விளையாட்டில் வாய்க்கு மட்டும் வேலை கொடுத்தால் சத்தம் வரத்தான் செய்யும்.

எனவே ஆங்கிலத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பியுங்கள். புலி, புளி. பல்லி, பள்ளி. வலி, வழி. தலை, தழை. அட்டையில் படம் மட்டும் வரைந்திருக்க வேண்டும், எழுத்து கூடாது. பெஞ்சில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொள்ளட்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் தன் அட்டையில் படத்தைத் தொட வேண்டும். 'கடையில புலி வாங்கிட்டு வா' என்று ஒருத்தி சொல்லி, பின்னால் இருப்பவள் வேலி தாண்டும் புலியைத் தொட்டுவிட்டால், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் யாருக்கும் அவமானம் இல்லை. தமிழ் ளகரத்தில் நம் எல்லாருக்குமே நாக்கு புரளும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். விளையாட்டின் விதிகளும் அன்றைக்கே பழகிவிடும். அடுத்த நாள் ஆங்கிலம் வரும்போது ஒலி மட்டும்தான் புதிது, விளையாட்டு பழசு.

முதுகோடு முதுகு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முகம் பார்த்தால் உதட்டைப் படித்துவிடுவார்கள். நெடிலுக்கு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுவது, குறிலுக்குச் சுண்டு விரலைக் காட்டுவது என்று தந்தி முறையே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு கள்ளமும் உண்டு. 'ஷீஈஈஈப்' என்று ரயில் ஊதல் மாதிரி இழுத்துவிட்டால் எந்தக் காதுக்கும் தெரிந்துவிடும். முதல் வாரம் இழுக்கட்டும். அடுத்த வாரம் முதல் சொல்லைத் தனியாகச் சொல்லக் கூடாது, 'ஐ சா எ ஷிப்' என்று வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று விதி போட்டுவிடுங்கள். வாக்கியத்துக்குள் அவ்வளவு இழுக்க முடியாது.

ஜோடியாக விடுவதற்கு முன் ஒரு சுற்று நீங்களே சொல்லி, வகுப்பு முழுக்க அட்டையைத் தூக்கிக் காட்டட்டும். பத்தில் எட்டு பேராவது சரியாகத் தூக்கும்வரை ஜோடி வேண்டாம். காதில் இல்லாத வித்தியாசம் வாயில் வராது. உங்கள் ஒலியில் சந்தேகம் இருந்தால் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் போதும். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கலாம். போனை மைக் பக்கத்தில் வைத்துவிடுங்கள், முடிந்தது.

இனி எந்த ஒலிக்கு என்ன விளையாட்டு என்று பார்ப்போம். எல்லா ஒலிக்கும் வேண்டாம். நம் பிள்ளைகள் தடுக்குகிற சில இடங்களுக்குப் போதும்.

குறில்–நெடிலில் நமக்கு ஒரு வசதி உண்டு. விடு–வீடு, படு–பாடு, கல்–கால் என்று நாம் பிறந்ததிலிருந்து அளந்து பேசுகிறவர்கள். அதனால் ஷிப்–ஷீப், ஃபில்–ஃபீல், லிவ்–லீவ் நம் பிள்ளைகளுக்கு எளிது. ஆங்கிலக் குறில் இகரம் நம் இகரம் அல்ல, வாயைக் கொஞ்சம் தளரவிட்டு எகரத்துப் பக்கம் சாய்ந்தாற்போல் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும். இதற்கு பஸ் ரூட் விளையாட்டு நன்றாக ஓடும். தாளின் மேலே தருமபுரி பஸ் ஸ்டாண்டு. அதிலிருந்து சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, மறுபடி இரண்டாகப் பிரிகிறது. கீழே இடமிருந்து வலமாக எட்டு ஊர்: பென்னாகரம், நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், கடத்தூர், மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். முதல் பிரிவில் ஷிப் என்றால் இடது, ஷீப் என்றால் வலது. இரண்டாம் பிரிவில் ஃபில் இடது, ஃபீல் வலது. மூன்றாவதில் லிவ் இடது, லீவ் வலது. சொல்பவர் மனதுக்குள் ஒரு ஊரைத் தேர்ந்து மூன்று சொல் சொல்கிறார். கேட்பவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போய் ஒரு ஊரில் இறங்குகிறார்.

சொன்னவள் 'ஷிப், ஃபீல், லிவ்' என்றாள். பாலக்கோடு போக வேண்டும். தோழி பென்னாகரத்தில் இறங்கிவிட்டாள். நீங்கள் அந்தப் பெஞ்சைத் தாண்டும்போது தாளை ஒரு பார்வை பார்த்தால் போதும், இரண்டாவது பிரிவில் ஃபீல் என்பது ஃபில் என்று போயிருக்கிறது. தப்பு சொன்னவளுடையதா, கேட்டவளுடையதா? இதில்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். சொன்னவள் அதே சொல்லைப் பின்பெஞ்சு ஜோடிக்கு ஒருமுறை சொல்லட்டும். அவர்களும் ஃபில் என்றால் வாயைத் திருத்த வேண்டும், ஃபீல் என்றால் காதைத் திருத்த வேண்டும். நீங்கள் நடுவில் வரவே வேண்டாம்.

பதின்ம எண்கள் அடுத்தது. தர்ட்டீன் என்பது தர்ட்டியாகக் கேட்பதும், ஃபிஃப்டி என்பது ஃபிஃப்டீனாகக் கேட்பதும் பெரியவர்களுக்கே காசு போகிற தவறு. காய்கறிக் கடை வையுங்கள். கடைக்காரர் அட்டையில் விலை: தக்காளி 30, வெங்காயம் 14, முட்டைக்கோஸ் 50, எலுமிச்சை 13, தேங்காய் 60. வாங்குகிறவர் வெறும் காய்ப் பெயர்களோடு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் விலை கேட்டு எழுதிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 167 வந்தால் வெற்றி. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. முப்பதுக்கும் பதின்மூன்றுக்கும் வித்தியாசம் 17. நாற்பதுக்கும் பதினான்குக்கும் 26. அப்படியே 35, 44, 53, 62, 71 என்று ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு வித்தியாசம். ஒரு ஜோடி 167-க்குப் பதிலாக 132 என்று சொன்னால், 35 குறைகிறது, அதாவது ஐம்பது பதினைந்தாகிவிட்டது என்று நீங்கள் கரும்பலகைப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். ரகசியத்தை ஒரு வாரம் காப்பாற்றுங்கள், கணக்கு வருகிற பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும். திருத்தம் சொல்வது சுலபம். பதின்மத்தில் பின்பாதி 'டீன்' ஓங்கி நீள வேண்டும். பத்துகளில் முன்பாதி ஓங்கி, 'டி' சட்டென்று முடிந்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்தில் ஒரே ப இருப்பதால் வரும் சிக்கல் மூன்றாவது. தொடக்கத்தில் 'பஸ்' ஒலி நம் பிள்ளைகளுக்குப் பேச்சிலேயே இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. 'பென்' ஒலிதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி வரும்போது உதட்டிலிருந்து மூச்சு வெடித்து வரும். நம்முடையதில் வெடிக்காது. அதனால் வெளிநாட்டுக் காதுக்கு நம் பட்டாணி தேனீயாகக் கேட்கும், பேரிக்காய் கரடியாகக் கேட்கும், குண்டூசி குப்பைத்தொட்டியாகக் கேட்கும். நோட்டுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஒருவர் மற்றவர் உதட்டுக்கு முன்னால் பிடிக்கட்டும். பட்டாணிக்குத் தாள் ஆட வேண்டும், தேனீக்கு ஆடக் கூடாது. இதில் மட்டும் முகம் பார்த்து உட்காரலாம், தாளே நடுவர். ஐந்து நிமிடம் பழகிய பிறகு தாளை எடுத்துவிட்டு, முதுகைத் திருப்பிப் பட அட்டைக்கு வந்துவிடுங்கள். ககரத்துக்கும் டகரத்துக்கும் இதே விளையாட்டு ஓடும், தாள் கொஞ்சம் குறைவாக ஆடும்.

சொல்லின் கடைசியில் கதை வேறு. தொப்பிக்கும் வாடகைக் காருக்கும் ஆங்கிலத்தில் கடைசி ஒலி மட்டும்தான் வித்தியாசம். நாம் இரண்டுக்கும் பின்னால் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம், கேப்பு, பஸ்ஸு, புக்கு என்று. 'கடைசி ஒலியை அழுத்திச் சொல்' என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் உகரம்தான் கூடும். 'வாடகைக் காரில் நடு உயிரைக் கொஞ்சம் நீட்டு, தொப்பியில் வெட்டு' என்று சொல்லுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதும் அந்த நீளத்தை வைத்துத்தான் பெரும்பாலும் இரண்டையும் பிரிக்கிறது.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாடப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்கிறார்களே, அது. தொப்பி, வாடகைக் கார், இடைவெளி மூன்றையும் 'கேப்' என்றே எழுதுவார்கள். அதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு மூன்றும் ஒன்றுதான். இந்தப் பதிலை எழுதும்போது எனக்கே அந்தச் சங்கடம்தான், அதனால்தான் பட்டாணி, தேனீ என்று பொருளைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். முழுக்கத் தடை போட வேண்டாம், படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு அது ஊன்றுகோல். விளையாட்டு அட்டையில் மட்டும் தமிழ் எழுத்து ஏறவே கூடாது.

இறந்த காலத்துக்கு ஒரு சின்ன விளையாட்டு. சொல்பவர் ஒரு வாக்கியம் சொல்வார். கேட்பவர் 'எவ்ரி டே' என்றோ 'யெஸ்டர்டே' என்றோ முடிக்க வேண்டும். 'ஐ வாஷ் மை பிளேட்' என்றால் எவ்ரி டே, 'ஐ வாஷ்ட் மை பிளேட்' என்றால் யெஸ்டர்டே. நம் பிள்ளைகள் 'வாஷட்' என்று ஒரு அசையைக் கூட்டுவார்கள், அதையும் கவனியுங்கள். வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை தேவை. 'வாக்ட் டு ஸ்கூல்' போன்றவை வேண்டாம். அடுத்த சொல்லும் டகர ஒலியில் தொடங்குவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஆங்கிலேயர் சொன்னாலும் வித்தியாசம் கேட்காது. 'வாக்ட் ஹோம்', 'குக்ட் ரைஸ்', 'பிளேய்ட் கபடி' என்று வையுங்கள்.

இப்போது அசை அழுத்தம். ஜென்கின்ஸ் இதை வகுப்பில் கற்பிப்பது கடினம் என்று ஒதுக்கினார். என் அனுபவத்தில், தமிழர் ஆங்கிலத்தை வேற்று மாநிலத்தார் புரிந்துகொள்ளாமல் 'என்ன, என்ன?' என்று திரும்பக் கேட்கும் இடங்களில் பாதி இதுதான். எல்லா அசையையும் ஒரே எடையில் போட்டு வேகமாக ஓட்டிவிடுகிறோம். கற்பிப்பதும் கடினம் இல்லை. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல். பட்டியலில் ஆறு சொல் போதும்: ஹாஸ்பிட்டல், யெஸ்டர்டே, கம்ப்யூட்டர், டுமாரோ, இன்ஜினீயர், ஆஃப்டர்நூன். எல்லாம் மூன்று அசை. முதல் இரண்டில் முதல் அசை ஓங்கும், அடுத்த இரண்டில் நடு அசை, கடைசி இரண்டில் மூன்றாம் அசை. சொல்பவர் சொல்லைச் சொல்லக் கூடாது, வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். கேட்பவர் கொட்டைகளை வரிசையாக வைத்து, ஓங்கிய இடத்தில் கொட்டைக்குப் பதில் கல்லை வைத்து, எந்த ஜோடிச் சொல் என்று சொல்ல வேண்டும். முனகல் என்பதால் 19 ஜோடியும் ஒரே நேரத்தில் ஆடினாலும் வகுப்பு தேன்கூடு மாதிரி ரீங்காரமிடுமே தவிர, ஹெச்.எம். அறைக்குக் கேட்காது. அவர் வரும்போது ஆடுவதற்கென்றே இதைக் கைவசம் வைத்திருங்கள்.

மற்ற விளையாட்டுகளில் சத்தத்தை எப்படி அடக்குவது? கிசுகிசுக்கச் சொல்வது எல்லாரும் செய்வது. உச்சரிப்பு விளையாட்டில் மட்டும் அது கூடாது. கிசுகிசுக்கும்போது குரல்வளை அதிராது. பட்டாணிக்கும் தேனீக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அங்கேயே செத்துவிடும். தாழ்ந்த குரலில், தலை அருகே தலை வைத்துப் பேசட்டும். இன்னும் நல்லது, ஒற்றைப்படை பெஞ்சுகள் மூன்று நிமிடம் ஆட, இரட்டைப்படை பெஞ்சுகள் அட்டை எழுதட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். மழை இல்லாத நாளில் பாதிப் பேரை வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அனுப்பிவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பீரியடின் கடைசியில் வையுங்கள். சலிப்பதற்கு முன்னால் நிறுத்தினால் அடுத்த நாள் அவர்களே கேட்பார்கள்.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சாக இருந்தால் மூன்றாமவர் நடுவர். சொல்பவரின் அட்டை நடுவர் கையில் இருக்கும், சுற்றுக்கு ஒருமுறை இடம் மாறும். படிக்கிற பிள்ளை பேச, மற்றது தலையாட்டுவதற்கு வழி ஒன்றுதான்: தகவல் அட்டை எப்போதும் பின்தங்கிய பிள்ளையின் கையில் முதலில் போக வேண்டும். விலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றால், வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளும் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் அப்போது திருத்திக்கொண்டே நடக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டோடு நடந்து, எந்த ஒலியில் அதிக ஜோடிகள் தடுக்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு, முடிந்ததும் இரண்டே ஒலியைக் கரும்பலகையில் எடுங்கள். யார் சொன்னது என்ற பேச்சே வேண்டாம்.

அந்த ஸ்நேக்ஸ் பையனை இப்போதைக்குச் சொல்பவனாகப் போட வேண்டாம். இரண்டு வாரம் கேட்பவனாகவும் நடுவராகவும் மட்டும் இருக்கட்டும். அவன் தொடுகிற படம்தான் தீர்ப்பு என்பதால், மற்றவர்கள் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவனை மட்டும் குறிவைக்காமல், வகுப்பு முழுவதற்கும் அந்த ஒலியையே விளையாட்டாக்கிவிடுங்கள். அட்டையில் இரண்டு படம்: ஒரு டீக்கடை, ஒரு வனத்துறை ஆபீஸ். சொல்பவர் போனில் ஆர்டர் கொடுக்கிறார். பஜ்ஜி, வடை வேண்டுமா, பாம்பு பிடிக்க ஆள் வேண்டுமா என்பதைக் கேட்பவர் தீர்மானிக்க வேண்டும். ஸ்நாக்ஸில் வாயை ஆகாரத்துக்குத் திறப்பது போலத் திறந்துகொண்டு ஏகாரம் சொல்ல முயன்றால் ஒலி வந்துவிடும், பாம்பில் ஏகாரம் கடைசியில் இகரத்தை நோக்கி நழுவும். தமிழில் இந்த முதல் ஒலிக்கு எழுத்தே இல்லை, அதனால்தான் ஒருவர் ஏகாரத்திலும் ஒருவர் ஆகாரத்திலும் எழுதுகிறோம். எல்லாருமே ஒருமுறையாவது டீக்கடையில் பாம்பு கேட்டுவிடுவார்கள். நீங்களும் முதல் சுற்றில் வேண்டுமென்றே ஒன்று கேட்டுவிடுங்கள். பெப்பர்–பேப்பர், வெட்–வெயிட், டெல்–டெயில் ஆகியவற்றை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வரிசை கேட்டால், தமிழ்ப் புலி–புளியில் தொடங்கி, பஸ் ரூட், காய்கறிக் கடை, தாள் துண்டு என்று வாரத்துக்கு ஒன்று போதும். புதிது புதிதாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரே விளையாட்டில் சொல்லை மாற்றினால் பிள்ளைகளுக்கு அதுவே புதிது. அட்டைக்குச் செலவு இல்லை. போன வருடக் காலண்டரின் பின்பக்கமும் பழைய கல்யாணப் பத்திரிகையும் தாராளம், வரைய எட்டாம் வகுப்பில் கை வந்த பிள்ளைகள் இருப்பார்கள்.

சொல் ஜோடிகளை நீங்களே உண்டாக்கும்போது மட்டும் வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். குறில்–நெடில் பட்டியலில் கடற்கரைக்கும் படுக்கை விரிப்புக்கும் ஜோடி தேடவே வேண்டாம். நீங்கள் யோசிப்பதற்குள் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சு கண்டுபிடித்திருக்கும்.